வருஷத்துக்கு ஒரு சாண்

மணியடிச்சான் தெருவில் பிறந்தவர்கள் வெளியூர் போய்விட்டுத் திரும்பி வந்தால், தெருமுனையில் இருக்கும் அடிபம்பைத் தாண்டிய மறுநிமிஷம் கால் தரையில் பாவாது. எத்தனை வருஷம் தெருவை விட்டு இருந்தார்களோ அத்தனை சாண் உயரத்தில் அந்தரத்தில் நிற்பார்கள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன்கள் தீபாவளிக்குத் தீபாவளி வருகிறவர்கள் என்பதால் ஒரு சாண் உயரத்தில் வீட்டுக்குள் நடமாடுவார்கள், அம்மாக்காரி காலைத் தூக்கச் சொல்லாமலே அடியில் விளக்குமாற்றை விட்டுக் கூட்டிக்கொண்டு போவாள். பன்னிரண்டு வருஷம் துபாயில் கிரேன் ஓட்டிவிட்டு வந்த ஒருவருக்கு வீட்டு ஓட்டை நாலு வரிசை பிரிக்க வேண்டியதாயிற்று, அவர் இடுப்புக்குக் கீழே வீட்டுக்குள்ளும் இடுப்புக்கு மேலே கூரைக்கு வெளியிலுமாக நின்று காக்காய்களுக்கு நடுவில் காபி குடித்தார். கட்டிக்கொண்டு வந்த மருமகள்களுக்கும் மருமகன்களுக்கும் இந்தத் தொல்லை கிடையாது. ஏன் இப்படி என்று ஆராய ஒரு பேராசிரியர் பெட்டி நிறையக் கருவிகளோடு வந்தார், மூன்று நாள் இருந்து இடியாப்பமும் சொதியும் சாப்பிட்டார், கடைசியில் கருவிகளை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். "ஏன்னு தெரிஞ்சா மட்டும் எறங்கிருவானா?" என்பது தெருவின் கட்சி.

இறங்குவதற்கு வழி ஒன்றே ஒன்றுதான்: திட்டு. தெருவில் இருக்கிற, ஆளைத் தெரிந்த ஒருவர் மெய்யான கோபத்தோடு திட்ட வேண்டும். திட்டின் கனத்துக்குத் தக்கபடி ஆள் இறங்குவார். பொய்க்கோபம் செல்லாது. கயிறு கட்டி இழுத்தாலும் பக்கவாட்டில்தான் வருவார், கீழே வரமாட்டார். அதே உயரத்தில் தெருவின் எல்லையைத் தாண்டினால் மாத்திரம் நெற்றாக முற்றிய தேங்காய் மாதிரிப் பொத்தென்று விழுவார், அப்படி விழுந்தவர் இரண்டு பேர், இருவருக்கும் பிறகு திட்டு தேவைப்படவில்லை. அதனால் மற்ற தெருக்களில் விருந்தாளி வந்தால் செம்பில் தண்ணீர் கொடுத்து நலம் விசாரிக்கிற மாதிரி, இந்தத் தெருவில் செம்பில் தண்ணீர் கொடுத்துத் திட்டுவார்கள். வாங்கிக்கொண்டவர் "அப்பாடா" என்று காலை ஊன்றி, செருப்பைக் கழற்றுவார்.

தெருவிலேயே பெரிய திட்டு பிரம்மசக்தி அக்காவுடையது. மாவு மில் வைத்திருக்கிறவள், அறுபத்தாறு வயது, புருவத்தில் எப்போதும் பச்சரிசி மாவு, நாற்பது வருஷமாக மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி ஊதுகுழல் மாதிரியான தொண்டை. துபாய்க்காரரைக் கூரையிலிருந்து ஒரே வாக்கியத்தில் இறக்கியவள் அவள்தான். "உங்க அம்மைக்குக் கொள்ளி வைக்க வரல, கெரேனு மேல உக்காந்து என்னல புடுங்கிட்டிருந்த?" என்றாள், மனுஷர் மடமடவென்று இறங்கி நடுவீட்டில் குந்தி அழுதார்.

இப்பேர்ப்பட்ட தெருவுக்குத்தான் ஆடி மாசம் மூன்றாம் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குற்றாலிங்கம் வந்து சேர்ந்தார். ஆறு வயதில் அப்பாவின் மாற்றல் உத்தரவோடு போனவர். நாக்பூரில் தராசும் படிக்கல்லும் சோதிக்கிற அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். முத்திரை இல்லாத படிக்கல்லைப் பறிமுதல் செய்தாலும் கடைக்காரனே பின்னால் ஓடிவந்து டீ வாங்கிக் கொடுக்கிற அளவுக்குச் சாதுவானவர். சின்ன வயதில் தலைக்கு மேலே ஆட்களின் உள்ளங்கால்கள் போவதைப் பார்த்திருக்கிறேன் என்று பெண்டாட்டியிடம் ஒருமுறை சொல்லி, அவள் இவர் வாயில் தெர்மாமீட்டரை வைத்த பிறகு, அதைக் கனவு என்றே நம்பியிருந்தார். கையில் ஒரு சூட்கேஸ். ஒரே ஒரு ஆளைப் பார்த்து, ஒரே ஒரு விஷயத்தைக் காதோடு சொல்லிவிட்டு மறுநாள் ரயிலேறிவிட வேண்டும் என்பது திட்டம்.

அடிபம்பைத் தாண்டினார். சூட்கேஸ் கீழே நின்றுவிட்டது, அவர் போய்க்கொண்டே இருந்தார். ஜன்னல் உயரம், சன்ஷேடு உயரம், மொட்டைமாடி, கொடியில் காயும் சேலை, தென்னங்குலை. இடது செருப்பு கழன்று பம்படியில் பானை தேய்த்துக்கொண்டிருந்தவளின் சாம்பல் சட்டியில் விழுந்தது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், பம்பில் இதற்கென்றே தொங்கும் கயிற்றுச் சுருளை எடுத்து வீசிக் காலில் சுருக்குப் போட்டாள்.

"ஏ, ஒரு ஆளு வந்திருக்கு! பெரிய ஒசரம்!" என்று உள்ளே பார்த்துச் சத்தம் கொடுத்துவிட்டு மறுபடியும் பானையைத் தேய்த்தாள்.

லைன்மேன் சொரிமுத்து வந்தான். மின்கம்பிகளும் மிதக்கிறவர்களும் ஒரே உயரத்தில் இருப்பதால் இந்த மாதிரிக் காரியங்களுக்கெல்லாம் அவனே பொறுப்பு. முதலில் டிரான்ஸ்பார்மரை நிறுத்தினான், பிறகு ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டி, எண்ணினான்.

"அம்பத்தெட்டு சாண். அம்பத்தெட்டு வருசத்துக்கு முந்தி தெருவ விட்டுப் போனது யாருவே?"

தெரு கூடிவிட்டது. தாசில்தார் மகன் என்றார் ஒருவர், அவர் செத்துப்போய்விட்டார் என்றார் இன்னொருவர், செத்தவர்கள் மிதப்பார்களா என்று ஒரு கிளை விவாதம் கிளம்பியது. அப்போது மாவு மில் மெஷின் நின்றது. பிரம்மசக்தி வெளியே வந்தாள், முந்தானையால் கண்ணுக்கு நிழல் பிடித்து, மேலே தொங்கிய வெறுங்காலைப் பார்த்தாள்.

"சுண்டுவெரலு பக்கத்து வெரலு மேல ஏறிக் கெடக்கு பாருங்க! அது நம்ம குத்தாலம்லா! ஏல குத்தாலம்!"

நாற்பதடிக்கு மேலே குற்றாலிங்கம் காலை மடக்கிக்கொண்டார். உயரத்தினால் அல்ல, உயரம் அவருக்குப் பிடித்திருந்தது, இதைச் சொல்லவே வேண்டும். சீமை ஓடுகளின் சிவப்பு, மாடிகளில் காயும் வடகம், தூரத்தில் வரிசை வரிசையாகக் காற்றாலைகள், அறுபத்துநாலு வயதில் முதல் முறையாக மூட்டுவலியே இல்லாத இரண்டு முழங்கால். கையைத் தட்டிச் சிரிக்கலாம் போலிருந்தது. மடக்கியது பிரம்மசக்தியைப் பார்த்துத்தான், ஏனென்றால் அவர் நாக்பூரிலிருந்து இரண்டு பகல் ரயிலில் உட்கார்ந்து வந்தது அவளிடம் சொல்ல.

விஷயம் இதுதான். அவருக்கு ஆறு வயது, அவளுக்கு எட்டு. காளியம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முளைப்பாரி போட்டிருந்தார்கள். பெண்பிள்ளைகள் ஆளுக்கொரு சட்டியில் பயறு விதைத்து, இருட்டறையில் மூடிவைத்து, கவிச்சி தொடாமல் விரதம் இருந்து வளர்ப்பார்கள். ஆண்கள் அந்த அறையை எட்டிப் பார்க்கக் கூடாது. கூடாது என்றதால் குற்றாலிங்கம் போனார். உள்ளே போனதும் கதவு சாத்திக்கொண்டது, இருட்டில் வெளுத்த முளைகள் விரல் விரலாக ஆடின, பயத்தில் டவுசருக்குள் அடக்க முடியாத காரியம் நடந்துவிடும் போலாகி, கைக்கு முதலில் தட்டுப்பட்ட சட்டியில் நின்று பெய்துவிட்டு ஓடி வந்துவிட்டார். அது பிரம்மசக்தியின் சட்டி. மூன்றாம் நாள் அவளுடைய முளைகள் மட்டும் கருகி நாறின. விரதத்தில் கருவாடு தின்றிருப்பாள் என்று தெரு தீர்ப்புச் சொன்னது. எல்லாப் பிள்ளைகளும் சட்டி சுமந்து குலவையோடு போக, அவள் மட்டும் வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து அவள் பெயர் கருவாட்டுப் பிரமு. அந்த வாரமே குற்றாலிங்கத்தின் அப்பாவுக்கு மாற்றல் வந்தது; ஊரை விட்டுப் போன லாரியின் பின்னால் நின்று கையாட்டிய ஒரே ஆள், அந்தக் கருவாட்டுப் பிரமு.

அவளிடம் காதோடு சொல்ல வந்தவர் இப்போது ஒரு தென்னை உயரத்தில் இருந்தார்.

"தள்ளுங்க, நானே எறக்குதேன்," என்று பிரம்மசக்தி இடுப்பில் கையை வைத்தாள். தெரு காதைப் பொத்திக்கொண்டது. அவள் மூச்சை இழுத்து, வாயைத் திறந்து, சொன்னாள்: "ஏல... சாப்பிட்டியாலே?"

ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.

"என்னக்கா, இதுவா திட்டு?" என்றான் சொரிமுத்து.

"வாய்க்குள்ள வரமாட்டக்கு வே. தங்கமான பிள்ள. எனக்கு அம்மை போட்டிருந்தப்ப சன்னல் வழியா மாங்கா நீட்டுனவன். இவனப் போயி எப்படித் திட்ட?" மறுபடியும் முயன்றாள். "மூதி... அம்பத்தெட்டு வருசமா ஒரு கடுதாசி..." என்று ஆரம்பித்து, "பாவம், ஆறு வயசுல எழுதவா தெரியும்" என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள்.

மற்றவர்கள் முறைவைத்துத் திட்டிப் பார்த்தார்கள். பம்படிக்காரி, சாம்பல் சட்டியில் செருப்பு விழுந்ததற்காகத் திட்டினாள். ஆனால் அவளுக்கு ஆளைத் தெரியாது, செருப்பைத்தான் தெரியும், மேலே இருந்த வலது செருப்பு மட்டும் கழன்று இறங்கியது. இதற்குள் விஷயம் கேள்விப்பட்டுக் கவுன்சிலர் சந்தனக்குமார் மைக் செட்டோடு வந்தார். தெருவுக்குள் கட்டிக்கொண்டு வந்தவர், கவுன்சிலராகி நாலு மாசம்தான் ஆகிறது, வடக்கே அதிகாரியாக இருந்த மண்ணின் மைந்தர் என்றதும் பழக்கதோஷத்தில் பாராட்டுரையை ஆரம்பித்துவிட்டார். திட்டு இறக்கும் என்றால் புகழ்ச்சி ஏற்றும், அதற்கு ஆளைத் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. "எளிமையின் சிகரம்" என்றார், குற்றாலிங்கம் ஒரு சாண் ஏறினார். "நேர்மையின் இமயம்" என்றார், இரண்டு சாண். மூன்று தொரட்டிக் கம்புகளை முனையோடு முனை கட்டி, மொட்டைமாடியிலிருந்து ஒரு சால்வையை நீட்டி அவர் தோளில் போட்டபோது இன்னும் நாலு சாண் ஏறிவிட்டார். "நிப்பாட்டுங்க வே! பேசியே கொன்னுருவீய போலிருக்கு!" என்று சொரிமுத்து ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கினான்.

பதினோரு மணிக்குக் கணவாய் வழியாகக் காற்று வந்தது. ஆடிக் காற்றில் அம்மி பறக்கும் என்பது மற்ற ஊர்களில் பழமொழி, மணியடிச்சான் தெருவில் பார்த்த விஷயம். கயிற்றை ஓர் அம்மியில் கட்டி, அம்மியின் மேல் பம்படிக்காரியை உட்கார்த்தி வைத்திருந்தார்கள். சால்வை பாய்மரமாக விரிந்ததும் அம்மி எழும்பியது, அவளும் எழும்பினாள், எழும்பியவள் குதித்து இறங்கி, "எனக்குச் சோறு வடிக்கணும்" என்று போய்விட்டாள். இருபது பேர் கயிற்றைப் பிடித்தார்கள். குற்றாலிங்கம் வாகைமரத்தைத் தாண்டினார், ரேஷன் கடையைத் தாண்டினார், தெரு கீழ்க்கோடியில் கடைசி வீட்டின் மாடிச்சுவரைப் பார்க்கிற அளவுக்குப் போய்விட்டார். அந்த வீட்டுக்கு அந்தப் பக்கம் எல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் பொத்.

கயிற்றின் முதல் பிடி பிரம்மசக்தியின் கையில் இருந்தது. உள்ளங்கை தோல் உரிந்து, மாவோடு ரத்தம் கலந்து, அவள் பக்கத்தில் இருந்தவனிடம் மூச்சிறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "விட்டுராதிய வே. லாரியில நின்னுகிட்டு எனக்குன்னு கையாட்டுன பிள்ள வே. ஊரே என்னய கருவாடுன்னு சொல்லும்போது, இவன் ஒருத்தன்தான் சொல்லல."

காற்று அவர் பக்கமாகவே அடித்ததால் அது மேலே கேட்டுவிட்டது. குற்றாலிங்கம் யோசித்தார். சொன்னால் இறங்கலாம், இறங்கி நிற்கும்போது தன்னை அப்படிச் சொல்ல உலகத்தில் ஒருத்தி இருக்கமாட்டாள். சொல்லாவிட்டால் தங்கமான பிள்ளையாகவே போய்ப் பொத்தென்று விழலாம்; தெருவே அழும், கவுன்சிலர் பேசுவார். கீழே கயிற்றைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தார். கையை வாய்க்குக் குவித்துக்கொண்டார்.

"பிரமுக்கா! உன் மொளப்பாரி கருகுனது என்னாலதான்!"

காற்று அதை அப்படியே அள்ளிக்கொண்டு போய்க் கீழத்தெருவில் போட்டது.

"நான்தான்க்கா உள்ள போனேன்! இருட்டு! பயத்துல உன் சட்டியில மோண்டுட்டேன்!"

அதுவும் கீழத்தெருவுக்கே போனது. நாகரிகமான ஒரு சொல்லைத் தேடி மூன்றாம் முறை கத்தலாம் என்று அவர் வாயெடுப்பதற்குள், கீழத்தெருவிலிருந்து ஏழெட்டுப் பேர் ஓடிவந்து, "ஏ, உங்க தெரு மொளப்பாரியில மோண்டது யாருவே? வானத்துல இருந்து சத்தம் வருது!" என்று கேட்டார்கள்.

தெரு மேலே பார்த்தது. குற்றாலிங்கம் மேலே இருந்தபடியே, பள்ளிக்கூடத்தில் மாதிரி, ஒரு கையை உயர்த்தினார்.

பிரம்மசக்தி கயிற்றை மற்றவர்களிடம் கொடுத்தாள். முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.   

"ஏல!"

அந்த ஒரு சொல்லுக்குப் பத்துச் சாண் இறங்கினார்.

"பேதியில போவான்! எடுபட்ட மூதி! அது நீயால? நான் நெனச்சேன் நான்னு! அன்னைக்கு எங்க ஆச்சி அடுப்படியில ஒரே ஒரு நெத்திலிக் கருவாடு, வெரல்நீளம், எடுத்து வாயில போட்டேம்ல! போட்டவ நான்! ஊரு சொன்னது சரின்னு எனக்கு மட்டுந்தானல தெரியும்! அம்மன் என்னயத் தண்டிச்சிட்டான்னு அம்பத்தெட்டு வருசமா கருவாட்ட மோந்துகூடப் பாக்கலயேல! எம்மவன் கல்யாணத்துக்கு, பேத்தி சடங்குக்கு, எல்லாத்துக்கும் முந்தி அவகிட்ட மன்னிப்பு கேட்டனேல! மழை பெய்யலன்னா என்னாலன்னு நெனச்சனேல! மோண்டுட்டு லாரியில ஏறி, கைய வேற ஆட்டிக்கிட்டுப் போனியேல! நான் அழுதுகிட்டுக் கையாட்டுனேன், நாறப்பயலே!"

குற்றாலிங்கம் இறங்கிக்கொண்டிருந்தார். தென்னங்குலை, மாடி, சன்ஷேடு, ஜன்னல். கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் கயிற்றைக் கீழே போட்டார்கள், தேவை இருக்கவில்லை. பெருவிரல் மண்ணைத் தொட்டது, குதிகால் மண்ணைத் தொட்டது, ஐம்பத்தெட்டு வருஷத்துக்குப் பிறகு மணியடிச்சான் தெருப் புழுதி அவர் விரல் இடுக்கில் ஏறியது, "அப்பாடா" என்று அவர் வாய் திறக்கும்போதுதான் தெரு ஒன்றைக் கவனித்தது. அவர் நிற்கவில்லை. கணுக்கால்வரை மண்ணுக்குள் போயிருந்தார்.

தெரு இதுவரை கண்டதில்லை. இதுவரை எந்தத் திட்டும் இவ்வளவு மிச்சம் வைத்ததில்லை. அவள் நாத்தனார் சொன்ன குத்தலுக்குத் திட்டினாள், கெண்டைக்கால்வரை போனார். மாமியார் சாகும்வரை "கருவாடு, தண்ணி கொண்டா" என்று கூப்பிட்டதற்குத் திட்டினாள், முழங்கால். பெண் பார்க்க வந்து கேள்விப்பட்டுப் பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டுப் போன சாத்தான்குளத்து மாப்பிள்ளைக்காகத் திட்டினாள், தொடை.

"அக்கா, நிப்பாட்டுங்க!" என்று சொரிமுத்து குறுக்கே விழுந்தான். "கீழ குடிதண்ணிக் குழாய் போகுது! ஒடைஞ்சா பத்து நாளைக்குத் தண்ணி வராது!"

தண்ணீர் என்றதும் அவள் நிறுத்தினாள். குற்றாலிங்கம் இடுப்புவரை தெருவுக்குள் நட்டுவைத்த மாதிரி நின்றார். கவுன்சிலர் இன்னொரு சால்வையோடு முன்னால் வந்து, "எளிமையின்..." என்று ஆரம்பித்தார், ஒன்றும் அசையவில்லை; நடந்ததைக் கேட்ட பிறகு அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை. மற்றவர்களும் புகழ ஏதாவது கிடைக்குமா என்று யோசித்தார்கள். "நல்ல நெறம்" என்றாள் ஒருத்தி. அரை விரற்கடை வந்தார், அவ்வளவுதான்.

பிரம்மசக்தி அவரை ஏறிட்டும் பார்க்காமல் மில் வாசலில் போய் உட்கார்ந்தாள். "ஏட்டி," என்றாள் பம்படிக்காரியைப் பார்த்து, "உங்க வீட்டுல நெத்திலிக் கருவாடு கெடக்கா?"

கிடந்தது. மிளகாயும் உள்ளியும் தட்டிப் போட்டு வறுத்தார்கள். மணம் தெருவில் எழுந்தபோது எல்லாரும் மூக்கை இழுத்துக்கொண்டு மில் வாசலுக்கு நெருங்கி வந்தார்கள். பழைய சோற்றைப் பிழிந்து வைத்தார்கள். அவள் ஒரு நெத்திலியை எடுத்தாள், கோயில் இருக்கிற திசையைப் பார்த்தாள், ஏதோ முணுமுணுத்தாள், வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். கன்னத்து மாவில் இரண்டு கோடு இறங்கியது. இரண்டாவதை எடுத்தாள், மூன்றாவதை எடுத்தாள், அப்புறம் திடீரென்று தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"மோண்டிருக்கான் பாரு! அம்மனாம், தண்டனையாம்! மூத்திரம்டீ! வெறும் மூத்திரம்!"

சிரிப்பு அவளிடமிருந்து பம்படிக்காரிக்குப் போய், அவளிடமிருந்து தெருவுக்குப் போய், தெருவிலிருந்து கீழத்தெருக்காரர்களுக்குப் போனது. கூரைமேல் இருந்த காக்காய்கள் எழும்பிப் பறந்தன. இடுப்புவரை புதைந்த குற்றாலிங்கம் மட்டும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சிரித்து ஓய்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், அவர் பக்கம் திரும்பினாள். 

"சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரியவா போகுது?" என்றாள், யாரிடமோ சொல்கிற மாதிரி. "செத்தாலும் தங்கமான பிள்ளன்னுதான் அழுதிருப்பேன். ஆனாலும் சொன்னாம்லா. தெருவே கேக்க, ஆகாசத்துல நின்னுகிட்டு, சொன்னாம்லா."

முள்ளங்கியைப் பிடுங்குகிற மாதிரி ஒரு சத்தம். குற்றாலிங்கம் மண்ணிலிருந்து வெளியே வந்து, இரண்டு பாதமும் தெருவில் பதிய, கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் நின்றார்.

"அவ்வளவுதான் புகழ்ச்சி. இன்னும் ஒரு சொல்லு கெடையாது," என்றாள் பிரம்மசக்தி. "கையக் கழுவிட்டு வந்து உக்காரு."

அவர் கழுவிக்கொண்டு வந்து, காற்சட்டையில் தெருமண் ஒட்டியிருக்க, அவளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சுற்றிலும் தெருக்காரர்கள் ஆளுக்கொரு தட்டோடு உட்கார்ந்தார்கள். அவள் நாலு நெத்திலியை எண்ணி அவர் தட்டில் வைத்தாள். அவர் ஒன்றை எடுத்துக் கடித்தார், மென்றார், விழுங்கினார். இனிமேல் வாழ்க்கையில் உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்வதில்லை என்று மேலே இருக்கும்போதே முடிவு செய்திருந்தார்.

"உப்பு கூடிப்போச்சுக்கா," என்றார்.

பக்கத்தில் இருந்தவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு நாலடி தள்ளி உட்கார்ந்தார்கள்.